ஆறு பிரிவுகளில் ஒரு சமரசம்: 1833 சுங்கவரிச் சட்டத்துக்கு ஓர் உரை

பாயிரம்

1833 மார்ச் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, இறக்குமதிப் பொருள்களின் மீதான வரியைப் படிப்படியாகக் குறைத்தது. மற்றொன்று, அந்த வரியை வசூலிக்க விடாமல் தடுக்கும் மாநிலத்தின் மீது படையைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்தது. முதலாவதற்குச் சமரச வரிச் சட்டம் என்றும், இரண்டாவதற்குப் படைபலச் சட்டம் என்றும் பெயர் நிலைத்துவிட்டது. இங்கே உரைக்கு எடுத்துக்கொண்டது முதலாவதை. அதில் ஆறே பிரிவுகள். ஒரு மாநிலமும் மத்திய அரசும் வரி காரணமாகப் போரின் விளிம்புவரை போய், பேசித் திரும்பிய கதை அந்த ஆறு பிரிவுகளுக்குள் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் விகிதங்களும் தேதிகளும்தான் கண்ணில் படும். ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டுப் படித்தால் மொத்த பேரமும் விளங்கும்.

பிரதிக்குள் போகுமுன் அது பிறந்த சூழலைச் சொல்லவேண்டும். 1828-ல் கொண்டுவரப்பட்ட சுங்கவரி, வட மாநிலங்களின் ஆலைகளைக் காக்க வெளிநாட்டுச் சரக்குகளின் மீது கடும் தீர்வையைச் சுமத்தியது. தெற்கே அதை ‘அருவருப்பு வரி’ என்றே அழைத்தார்கள். தென் கரோலினா பருத்தி விளைவித்து இங்கிலாந்துக்கு விற்றுப் பிழைத்த மாநிலம். 1818 வாக்கில் பவுண்டுக்கு 30 சென்ட் அளவில் விற்ற பருத்தி, 1831-ல் 10 சென்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. விற்கும் பொருளின் விலை விழுந்து, வாங்கும் பொருளின் விலை வரியால் ஏறினால் கோபம் எந்தப் பக்கம் திரும்பும்? அந்த மாநிலத்தின் பிரதிநிதி ஜார்ஜ் மக்டஃபி, தோட்டக்காரன் விளைவிக்கும் ஒவ்வொரு 100 மூட்டைப் பருத்தியிலும் 40 மூட்டையை வரி தின்றுவிடுகிறது என்று மேடைதோறும் முழங்கினார். கணக்கு மிகையானது. ஆனாலும் கேட்டவர்கள் நம்பினார்கள்.

1832 ஜூலையில் ஒரு புதிய சட்டம் வரியைக் கொஞ்சம் குறைத்தது. காப்பு வரி என்ற கொள்கையை மட்டும் விடவில்லை. அந்த நவம்பரில் கொலம்பியா நகரில் கூடிய தென் கரோலினாவின் சிறப்பு மாநாடு, 136-க்கு 26 என்ற வாக்கில் ரத்து ஆணையை நிறைவேற்றியது. 1828, 1832 வரிச் சட்டங்கள் இரண்டும் இந்த மாநிலத்தில் செல்லாது. 1833 பிப்ரவரி 1 முதல் இங்கே வரி வசூலிக்கக் கூடாது. மத்திய அரசு பலத்தைப் பயன்படுத்தினால் ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்றது ஆணை. டிசம்பர் 10 அன்று ஜாக்சன் பதில் பிரகடனம் வெளியிட்டார். ஒரு மாநிலம் தேசியச் சட்டத்தை ரத்து செய்வது ஒன்றியத்தின் இருப்போடு ஒத்துப்போகாது, ஆயுதம் ஏந்திப் பிரிவது துரோகம் என்பது அதன் சாரம். இந்த ரத்துக் கோட்பாட்டுக்கு மூளையாக இருந்த ஜான் கால்ஹூன், அதே மாத இறுதியில் துணை ஜனாதிபதி பதவியைத் துறந்து செனட் உறுப்பினராக வந்து அமர்ந்தார். ஆளுநர் ராபர்ட் ஹெய்ன் தொண்டர் படை திரட்டினார்.

பிப்ரவரி 1 நெருங்கியபோது இரு பக்கமும் ஒரு மூச்சு விட்டுக்கொண்டன. ஜனவரி 21 அன்று சார்லஸ்டனில் கூடிய ரத்துவாதத் தலைவர்கள், காங்கிரஸ் என்ன செய்கிறது என்று பார்க்கும்வரை ஆணையை நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைத்தார்கள். வர்ஜீனியா மாநிலம் பெஞ்சமின் வாட்கின்ஸ் லீ என்பவரைத் தூது அனுப்பியது. மற்றத் தென் மாநிலங்கள் எதுவும் ரத்து ஆணைக்குத் துணை வரவில்லை. தென் கரோலினா தனித்து நின்றது. பின்வாங்க ஒரு கௌரவமான வழி அதற்குத் தேவைப்பட்டது. அந்த வழியைத்தான் பிப்ரவரி 12 அன்று செனட்டில் கென்டக்கியின் ஹென்றி க்ளே முன்வைத்தார். க்ளே காப்பு வரியின் தீவிர ஆதரவாளர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிரதியைப் படிக்கவேண்டும்.

பிரிவு 1: படிக்கட்டு

பொழிப்பு: மதிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் வரி விதிக்கப்படும் எல்லாப் பொருள்களிலும், அந்த 20-க்கு மேற்பட்ட பகுதியில் பத்தில் ஒரு பங்கு 1833 டிசம்பர் 31-க்குப் பின் கழிக்கப்படும். 1835, 1837, 1839 ஆண்டுகளின் கடைசி நாள்களுக்குப் பின் அதேபோல் ஒவ்வொரு பங்கு கழியும். மீதி உள்ளதில் பாதி 1841 டிசம்பர் 31-க்குப் பின்னும், மறுபாதி 1842 ஜூன் 30-க்குப் பின்னும் கழியும்.

விளக்கம்: ஒரு கணக்குப் போட்டால்தான் இதன் சூட்சுமம் தெரியும். கம்பளித் துணிக்கு 50 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். 20-க்கு மேற்பட்டது 30. அதில் பத்தில் ஒரு பங்கு 3. ஆக 1834-ல் வரி 47, 1836-ல் 44, 1838-ல் 41, 1840-ல் 38. இதுவரை குறைந்தது 12 புள்ளிகள். மீதி 18. அதில் 9 புள்ளி 1842 பிறக்கும்போதும், இன்னொரு 9 அந்த ஜூலையிலும் கழிய, வரி 20-க்கு வந்து நிற்கிறது. முதல் எட்டு ஆண்டுகளில் 12, கடைசி ஆறு மாதத்தில் 18.

ஆலை முதலாளிக்கு இந்தப் பிரிவு சொல்வது: கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு அவகாசம், அதுவரை உன் பாதுகாப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பருத்தித் தோட்டக்காரனுக்குச் சொல்வது: உனக்கு வேண்டிய 20 சதவீதம் தேதியோடு சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஒருவனுக்குப் பாதையின் நீளம் ஆறுதல். மற்றவனுக்கு அதன் முடிவு ஆறுதல். ஒரே வாக்கியத்தை இருவரும் தத்தம் ஊருக்கு எடுத்துப்போய் வெற்றி என்று படித்துக் காட்டலாம். விகிதத்தை ஒரு பக்கத்துக்கும் காலத்தை இன்னொரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்ததுதான் க்ளேயின் கைவேலை.

க்ளேக்கு அவசரமும் இருந்தது. பிரதிநிதிகள் சபையில் நியூயார்க்கின் குலியன் வெர்பிளாங்க் கொண்டுவந்திருந்த மசோதா, இரண்டே ஆண்டுக்குள் வரியை ஏறக்குறைய பாதியாக வெட்டச் சொன்னது. அடுத்து வரவிருந்த காங்கிரஸ் ஆலைகளுக்கு இன்னும் சாதகமற்றதாக இருக்கும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது. அதை எண்ணித்தான் க்ளே இப்போது கொஞ்சம் இறங்கி ஒன்பது ஆண்டை வாங்கினார். மாசசூசெட்ஸின் டேனியல் வெப்ஸ்டர் இதை ஏற்கவில்லை. மிரட்டலுக்குப் பணிந்து காப்புக் கொள்கையையே விற்கிறோம் என்ற எண்ணத்தோடு எதிர்த்து வாக்களித்தார். அவருடைய அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு மாநிலம் ஆயுதத்தைக் காட்டிச் சலுகை பெற்றால் அடுத்த மாநிலமும் அதையே செய்யாதா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கான பதில் இந்தச் சட்டத்தில் இல்லை. கூடவே பிறந்த மற்றொரு சட்டத்தில் இருந்தது.

பிரிவு 2: ஏறிய ஒரே வரி

பொழிப்பு: சதுர கஜம் 35 சென்ட்டுக்கு மேற்படாத மலிவான முரட்டுக் கம்பளித் துணிக்கு 1832 சட்டம் தந்த 5 சதவீத விகிதம் நீக்கப்படுகிறது. மற்றக் கம்பளிகளைப் போல இதற்கும் 50 சதவீதம். அந்த 50 சதவீதம் முதல் பிரிவின்படி குறைந்துவரும்.

விளக்கம்: வரியைக் குறைக்க வந்த சட்டத்தில் ஒரு பொருளுக்கு மட்டும் வரி பத்து மடங்கு ஏறுகிறது. 1842-ல் 20-க்கு இறங்கினாலும் பழைய 5 சதவீதத்தைவிட அது நான்கு மடங்கு. என்ன துணி இது? தெற்கத்தித் தோட்டங்களில் அடிமைகளுக்கு உடுத்தக் கொடுத்த துணி. 1832-ல் தோட்ட உரிமையாளர்களைச் சமாதானப்படுத்த அதன் வரி 5-ஆக்கப்பட்டது. இப்போது அதே துணியை நெய்யும் வட மாநில ஆலைகளைச் சமாதானப்படுத்த 50-க்கு ஏற்றப்பட்டது. பேரத்தில் தெற்கு கையிலிருந்து எடுத்து வைத்த விலை இது.

உரைகாரன் இங்கே நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1830 கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்கள் 5,81,185 பேர். அதில் அடிமைகள் 3,15,401 பேர். மாநிலத்தின் உரிமை என்று மாநாட்டில் முழங்கப்பட்டபோது, அந்த மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அங்கே வாக்கும் இல்லை, வாயும் இல்லை. பருத்தியை விளைவித்தவர்கள் அவர்கள். ஆறு பிரிவு கொண்ட சட்டத்தில் அவர்களின் நிழல் விழும் ஒரே இடம், அவர்களுக்கு வாங்கும் துணியின் வரி விகிதம். மத்திய அரசும் மாநில அரசும் சமரசம் செய்துகொள்ளும்போது மேசைக்கு வெளியே நிற்பவர் யார் என்று தேடிப் பார்க்க இந்தப் பிரிவு நம்மை வற்புறுத்துகிறது.

பிரிவு 3: வாக்குறுதி

பொழிப்பு: 1842 ஜூன் 30 வரை மேற்சொன்னபடியே வரி வசூலாகும். அதன்பின் வரி முழுவதும் ரொக்கமாகக் கட்டப்படவேண்டும். தவணைச் சலுகை கிடையாது. சிக்கனமான அரசு நிர்வாகத்துக்குத் தேவையான வருவாயைத் திரட்டும் நோக்கத்துக்காகவே வரி விதிக்கப்படும். சரக்கு வந்திறங்கும் துறைமுகத்தில் அதற்குள்ள மதிப்பின் மீது, சட்டம் வகுக்கும் விதிமுறைகளின்படி வரி கணக்கிடப்படும்.

விளக்கம்: ஆறு பிரிவுகளில் கனமானது இதுதான். மூன்று வாக்கியங்களில் மூன்று பேரங்கள் ஒளிந்திருக்கின்றன.

ரொக்க விதி ஆலைகளுக்குச் சாதகம். அதுவரை இறக்குமதி வணிகர் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுத்துச் சென்று, சில மாதம் கழித்து வரி கட்டலாம். வெளிநாட்டுச் சரக்குக்கு அது வட்டியில்லாக் கடன் போன்றது. அந்தக் கடன் நின்றால் உள்நாட்டுச் சரக்குக்கு ஒரு பிடி கூடும்.

சிக்கன நிர்வாகம் பற்றிய வாசகம் தெற்குக்கு. வரியின் நோக்கம் வருவாய்தான், ஆலைகளைக் காப்பது அன்று என்பதுதான் கால்ஹூன் பல ஆண்டாக வாதாடிய அரசியல் சட்டக் கருத்து. அந்தக் கருத்து இப்போது ஒரு தேசியச் சட்டத்துக்குள் எழுத்தாக வந்துவிட்டது. ஆனால் அது 1842-க்குப் பிந்தைய காலத்தைப் பற்றிய வாசகம். அதுவரை விதிக்கப்பட்ட காப்பு வரி தவறு என்று எங்கும் சொல்லவில்லை. இரு தரப்பும் தம் கொள்கையைக் கைவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை.

துறைமுக மதிப்பு மீண்டும் ஆலைகளுக்கு. இங்கிலாந்தில் வாங்கிய விலைக்கு 20 சதவீதம் என்பது வேறு. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்து நியூயார்க்கில் ஏறியிருக்கும் மதிப்புக்கு 20 சதவீதம் என்பது வேறு. பின்னது கூடுதல். டெலவேரின் ஜான் கிளேட்டன் இதில் விடாப்பிடியாக நின்றார். துறைமுகத்துக்குத் துறைமுகம் மதிப்பு மாறினால், வரி நாடெங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும் என்ற அரசியல் சட்ட விதி மீறப்படும் என்று கால்ஹூன் மறுத்தார். ரத்துவாதிகள் வெளிப்படையாக ஆதரித்து வாக்களித்தால்தான் மசோதா பிழைக்கும் என்றார் கிளேட்டன். கடைசியில் கால்ஹூன் தன் விளக்கத்தைப் பதிவு செய்துவிட்டு ஆதரித்து வாக்களித்தார். தன் வாதத்தை அவைக்குறிப்பில் வைத்துவிட்டு, தன் வாக்கை மசோதாவுக்குக் கொடுத்த அந்த நாளில் அவர் தத்துவவாதியாக இருந்ததைவிட அரசியல்வாதியாக இருந்தார். நாட்டுக்கு அன்று அதுதான் தேவைப்பட்டது.

ஆனால் ‘சட்டம் வகுக்கும் விதிமுறைகளின்படி’ என்ற தொடர் ஓட்டையாகவே நின்றது. 1842 ஜூன் 30 வந்தபோது காங்கிரஸ் விதிமுறை எதையும் வகுத்திருக்கவில்லை. விதிமுறை இல்லாமல் வரி வாங்கலாமா என்று வணிகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1845-ல்.

பிரிவுகள் 4, 5: வலிக்காத வெட்டு

பொழிப்பு: வெளுத்ததும் வெளுக்காததுமான லினன் துணி, மேசை விரிப்பு, நன்னம்பிக்கை முனைக்கு இப்புறமிருந்து வரும் பட்டு முதலியவற்றுக்கு 1833 டிசம்பர் 31 முதல் வரிவிலக்கு. அவுரி நீலம், மஞ்சள், அரக்குச் சாயம், கந்தகம், பாதரசம், தகரத் தகடு உள்ளிட்ட நீண்ட பட்டியலுக்கு 1842 ஜூன் 30-க்குப் பின் விலக்கு.

விளக்கம்: தேசியக் கடன் அடைந்துவரும் தருணம் அது, 1835-ல் முழுதும் அடைந்தும் போனது. கஜானா நிரம்பி வழியும்போது இவ்வளவு வரி எதற்கு என்ற தெற்கின் கேள்விக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். எனவே வருவாயைக் குறைக்கவேண்டும். ஆலைகளைத் தொடவும் கூடாது. லினனும் பட்டும் அமெரிக்க ஆலைகள் பெரிதாக நெய்யாதவை. அவற்றின் வரியை நீக்கினால் கஜானா இளைக்கும், எந்த ஆலையும் மூடாது. ஐந்தாம் பிரிவின் சாயப் பொருள்களோ அதே ஆலைகளுக்கு வேண்டிய கச்சாப்பொருள்கள். நம் கொல்லையில் விளையும் மஞ்சள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது சமையலை நினைத்தல்ல, சாயத் தொட்டியை நினைத்து. ஆசியப் பட்டுக்கு மட்டும் நான்காம் பிரிவின் விலக்கு கிடைக்கவில்லை. 

பிரிவு 6: பூட்டும் சாவியும்

பொழிப்பு: இதற்கு முரணான பழைய சட்டங்கள் நீங்கும். வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டம் எப்போது வேண்டுமானாலும் இயற்றலாம். வருவாய் மிகுந்தாலோ குறைந்தாலோ, 20 சதவீதத்துக்குக் கீழுள்ள பொருள்களின் வரியை 20-க்கு மிகாமல் மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கம்: ஒன்பது ஆண்டுக்கு ஒரு ஒப்பந்தம் செய்கிறோம், நடுவில் பஞ்சம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்த சிறு வாசல் இது. 20-க்கு மேலுள்ளதைத் தொடாதே, கீழுள்ளதில் சரிக்கட்டிக்கொள் என்கிறது. இருந்தாலும் ஒரு காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை அடுத்த காங்கிரஸ் மாற்றலாம் என்ற அடிப்படை உண்மையை எந்தப் பிரிவாலும் பூட்ட முடியாது. ஒப்பந்தத்தின் காவல் முழுவதும் கையெழுத்திட்டவர்களின் மனச்சாட்சியிடமே விடப்பட்டது.

கூடப் பிறந்த சட்டம்

வரி மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்கவேண்டும் என்பது அரசியல் சட்ட விதி. செனட்டில் பிறந்த க்ளேயின் வரைவுக்கு இது தடை. கென்டக்கியின் ராபர்ட் லெட்சர் பிப்ரவரி 25 அன்று சபையில் எழுந்து, வெர்பிளாங்க் மசோதாவின் உடலை எடுத்துவிட்டு க்ளேயின் வரைவை அதில் வைக்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். மறுநாளே 119-க்கு 85 என்று நிறைவேறியது. செனட்டில் மார்ச் 1 அன்று 29-க்கு 16.

படைபல மசோதாவுக்கு செனட்டில் 32 பேர் ஆதரவு. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, வர்ஜீனியாவின் ஜான் டைலருடையது. கால்ஹூனும் கூட்டாளிகளும் வாக்கெடுப்புக்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். சுங்கச் சாவடியைக் கோட்டைக்கோ கப்பலுக்கோ மாற்றிக்கொண்டு ரொக்கமாக வரி வாங்க அந்தச் சட்டம் இடம் தந்தது. ஒரு கையில் சலுகை, மறு கையில் அதிகாரம். வெப்ஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: வரியைக் குறைப்போம், ஆனால் நீ ரத்து செய்ததால் குறைக்கிறோம் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

தென் கரோலினாவும் அதே பாணியில் பதில் சொன்னது. மார்ச் 15 அன்று மாநாடு ரத்து ஆணையைத் திரும்பப் பெற்றது. மூன்று நாள் கழித்துப் படைபலச் சட்டத்தை ரத்து செய்தது. சமரசம் ஆகிவிட்ட பிறகு அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் அவசியம் யாருக்கும் இல்லாததால், அந்த ரத்து யாரையும் பாதிக்கவில்லை. மானம் காக்கப்பட்டது, துப்பாக்கி வெடிக்கவில்லை.

எச்சம்: பிரதி சொல்லாமல் விட்டது

ஒரு மாநிலம் தேசியச் சட்டத்தை ரத்து செய்யலாமா? இதுதான் சண்டையின் மையம். ஆறு பிரிவுகளில் எங்கும் இதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. வேண்டுமென்றே இல்லை. உரிமை எவருடையது என்ற கேள்வியில் பாதி வழி விட்டுக்கொடுக்க முடியாது. 50-க்கும் 20-க்கும் நடுவில் 38 என்ற எண் உண்டு. உண்டுக்கும் இல்லைக்கும் நடுவில் எண் இல்லை. ஆகவே க்ளே எண்ணாக மாற்ற முடிந்ததை எல்லாம் மேசைமேல் வைத்தார். மாற்ற முடியாததைப் பிரதிக்கு வெளியே விட்டார். மத்திய, மாநில வரித் தகராறுகளில் சமரசம் பலிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கொள்கைச் சண்டையை விகிதம், தேதி, விலக்குப் பட்டியல் என்று உடைத்துக்கொண்டால் பேச இடம் கிடைக்கிறது.

ஆனால் வாங்கிய காலத்தை என்ன செய்தார்கள்? 1837-ல் வங்கிகள் சரிந்து பொருளாதாரம் முடங்கியது. சுங்க வருவாய் விழுந்தது. வரி 20 சதவீதத்தைத் தொட்ட 1842 ஜூலைக்குப் பின் இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 30 அன்று, ஒரு புதிய சட்டம் அதை மீண்டும் ஏற்றியது. ஒன்பது ஆண்டு காத்திருந்து தெற்கு கண்ட 20 சதவீதத்தின் ஆயுள் அவ்வளவுதான். கையெழுத்திட்ட ஜனாதிபதி, படைபலச் சட்டத்தைத் தனியாக எதிர்த்த அதே ஜான் டைலர். காலி கஜானா அவர் கையைப் பிடித்து எழுத வைத்தது. ஆனால் இந்த முறை எந்த மாநிலமும் ரத்து ஆணை போடவில்லை. 1846-ல் காங்கிரஸிலேயே வாக்கெடுத்து வரியைக் குறைத்தார்கள். 1833 சட்டம் விகிதத்தை நிலைநிறுத்தவில்லை. ஆனால் வரிச் சண்டையை மாநாட்டு மேடையிலிருந்து சட்டமன்ற வாக்கெடுப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தது. இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

அதற்கப்பால் அதனால் போக முடியவில்லை. வரி ஒரு சாக்குதான், அடுத்த சாக்கு அடிமை முறையாக இருக்கும் என்று ஜாக்சன் 1833 மே மாதமே ஒரு கடிதத்தில் எழுதினார். வரி வெறும் சந்தர்ப்பமே, காரணம் வேறு என்று கால்ஹூனும் 1830-லேயே ஒரு நண்பருக்கு எழுதியிருந்தார். இரு எதிரிகளும் நோயின் பெயரை அறிந்திருந்தார்கள். சட்டமோ அறிகுறிக்கு மட்டும் மருந்து கொடுத்தது. 1860 டிசம்பரில் தென் கரோலினா ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது, எண்ணாக மாற்ற முடியாத அந்தக் கேள்விக்கு விடை போர்க்களத்தில் எழுதப்பட்டது.

வரிச் சமரசத்தை எளிதாக எள்ளி நகையாடலாம்: கோழைத்தனம், தள்ளிப்போடல், வியாபாரம். அதை நான் ஏற்கமாட்டேன். 1833 வசந்தத்தில் சார்லஸ்டன் துறைமுகத்தில் விழாமல் போன பிணங்கள் ஒவ்வொன்றும் அந்த வியாபாரத்தின் லாபம். குற்றம் சமரசத்தில் இல்லை. அது வாங்கித் தந்த ஆண்டுகளை யாரும் பயன்படுத்தாததில் இருக்கிறது. எந்த நாட்டிலும் மையமும் மாநிலமும் வரி விகிதத்தில் உடன்பட்டுக் கைகுலுக்கும் நாளில் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைக்கவேண்டும். கைகுலுக்கியவர்கள் இருவருக்கும் வெளியே இதன் விலையைக் கட்டுபவர் யார்? கிடைத்த அவகாசத்துக்குள் பேச வேண்டிய அந்தப் பெரிய விஷயத்தைப் பேசத் தொடங்கும் நாள் எது? முதல் கேள்விக்கு இந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அறியாமலே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு ஒரு தேதியை எழுதிவைக்கும் துணிவு க்ளேயின் தலைமுறைக்கு வரவில்லை. வரியைக் குறைக்க ஆறு தேதிகளை எழுதிய பேனாவுக்கு ஏழாவது தேதியை எழுதவும் மை இருந்தது.